மீதி நேரம்

செவிலிமேடு,
7 ஜூலை 2024

அன்புள்ள அன்னம்மாளுக்கு,

வீரபத்திரன் எழுதுவது. போனில் பேசினால் எனக்குப் பாதியில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நீயும் பாதியில் வைத்துவிடுகிறாய். ஆகவே எழுதுகிறேன். எழுதும்போதும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுவேனோ என்ற பயம் இருப்பதால், சொல்ல வந்தவற்றை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. வீட்டின் நிலை.
2. நான் கவனித்தவை, அவற்றால் எழுந்த சந்தேகம்.
3. ஒரு நாளை எப்படி அடுக்கிக்கொள்வது என்பது பற்றி என் கருத்து. நீ கோபித்துக்கொண்ட தாளுக்கு விளக்கம்.
4. நீ திரும்பி வருவது.

முதலாவது. வீடு நன்றாக இருக்கிறது. நன்றாக என்றால் சுவர், கூரை, மின்சாரம். நேற்று ரசம் வைத்தேன். அது ரசம்தானா என்று எனக்கே உறுதியில்லை. மோட்டார் போட்டால் மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது. எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை எனக்குத் தெரிவதில்லை. நீ இருந்தபோது அது வழிந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது. மாசி மாதத்திலிருந்து கவனித்து வருகிறேன். உன் போன் அடிக்கும். நீ எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவாய். "யாரும் இல்லியா? சரி, வரேன்" என்று நீ சொன்னது ஒரு முறை என் காதில் விழுந்தது. அந்த வாக்கியத்தைப் பல கோணத்தில் யோசித்துப் பார்த்தேன். எந்தக் கோணத்திலும் நிம்மதி கிடைக்கவில்லை. அன்று நீ கீரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாய். கீரை வரவில்லை. நீ வந்தாய், தலை ஈரமாக. மழையா என்று கேட்டேன். ஆமாம் என்றாய். தெரு காய்ந்து கிடந்தது.

சாவு வீட்டுக்குப் போய்த் தலை முழுகி வந்தாயோ என்றும் யோசித்தேன். ஆனால் நமக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. பேருந்து நிறுத்தச் சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிகளை நான் நடைப்பயிற்சியின்போது தவறாமல் படிக்கிறவன். ஆகவே அந்த வழியை அடித்துவிட்டேன். சந்தேகப்படுவது நல்ல குணம் இல்லை என்று தெரியும். ஆயுள் முழுக்க விடைத்தாள் திருத்திய கை, விடை பொருந்தவில்லை என்றால் அடுத்த பக்கம் திருப்ப மறுக்கிறது.

மூன்றாவது. பள்ளியில் ஆண்டுதோறும் கால அட்டவணை போட்டது நான்தான் என்பது உனக்குத் தெரியும். அதில் ஒரு விதி உண்டு. வேறு பள்ளியிலிருந்து சில நாள் மட்டும் வரும் ஆசிரியரை முதலில் வைக்க வேண்டும். பிறகு சோதனைச்சாலை, மைதானம். எப்போதும் பள்ளியிலேயே இருப்பவரைக் கடைசியில் வைத்தால் போதும். மிச்சமிருக்கும் எந்தக் கட்டத்திலும் அவர் பொருந்துவார். இந்த விதியால் என் அட்டவணையில் மோதல் வந்ததே இல்லை. பிரிட்ஜ் கதவில் நான் ஒட்டிய தாளும் அதே முறைதான். காலை நடை, ஓய்வூதியர் சங்கம், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு, நூலகம், கண் மருத்துவர். ஓய்வு பெற்றவன் நாள் கையிலிருந்து நழுவிவிடக் கூடாது, நாலு பேருக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தில் போட்டது. அதன் கடைசி வரி உனக்குப் பிடிக்கவில்லை என்று ஊகிக்கிறேன். விதியைப் புரிந்துகொண்டால் கோபம் வராது.

நான்காவது. பத்து நாளில் வருகிறேன் என்று தாமலுக்குப் போனாய். ஜூன் முழுவதும் போய்விட்டது. உன் அண்ணன் முனிசாமிக்கு உடம்பு சரியில்லை என்றாய். அவர் ஏரிக்கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போவதை அப்பாதுரை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார். காலையில் என்னோடு நடப்பவர், தபால் ஆபீஸில் இருந்தவர், பின்தெருவில் தனியாக இருக்கிறாரே, அவர்தான். அவருக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

இதை உன் அண்ணன் மகன் சத்யராஜின் ஷேர் ஆட்டோவில் கொடுத்தனுப்புகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். பிரித்திருந்தால் எழுது.

வீரபத்திரன்

*

தாமல்
10-7-24

சாருக்கு அன்னம்மா எழுதறது.

லெட்டர் வந்துச்சு. ஒட்டினது பிரியல. "அத்தே, மாமா பசையில குளிச்சுட்டு எழுதினாரா, கவரு கையோட ஒட்டிக்கினு வருது"ன்னு சத்யராஜ் சிரிக்கறான்.

தொட்டி நெறையறத கண்டுபுடிக்க மந்திரம் ஒண்ணும் இல்ல. தண்ணி விழற சத்தம் மாறும். காது குடுத்தா கேக்கும். ரசத்துக்குப் புளிய கம்மி பண்ணுங்க, கொதிக்க விடாதீங்க.

தல ஈரமா இருந்தா குளிச்சிருக்கேன்னு அர்த்தம். குளிக்கறது தப்புன்னு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க?

அண்ணனுக்கு முட்டி வலி. மாட்டுக்கு வலி இல்ல. அது இழுத்துக்கினு போவுது, இவரு பின்னாடி போறாரு. பஸ்ஸுல ஜன்னலாண்ட குந்திக்கினு யாரு மாடு ஓட்டறாங்கன்னு பாக்கறதுக்கு அப்பாதுரை சாருக்கு ஒரு பீரியட் போட்டுக் குடுத்துடுங்க.

எனக்கு இங்க நெறைய வேலை இருக்குது. இன்னா வேலைன்னு கேக்காதீங்க, சொல்ற மாதிரி இருந்தா நானே சொல்லுவேன்.

அந்தத் தாள நான் கிழிக்கல. திருப்பி ஒட்டிட்டு வந்தேன், அவ்ளோதான். விதி எல்லாம் புரியுது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. அத நேரா திருப்பி, கடைசி வரிய வாய்விட்டு சத்தமா படிச்சுப் பாருங்க. அப்புறம் நாலாவது பாயிண்ட பேசலாம்.

அலமாரி அடித்தட்டுல பழைய பருத்திப் புடவைங்க இருக்குது. ரெண்டு மூணு சத்யராஜ் கிட்ட குடுத்து அனுப்புங்க. பனங்கல்கண்டும் சித்தரத்தையும் வாங்கி வைங்க. தொண்டை கட்டிக்கினு இருக்குது.

அன்னம்மா

*

செவிலிமேடு,
14 ஜூலை 2024

அன்புள்ள அன்னம்மாளுக்கு,

கேட்ட பொருள்களை அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு இரண்டே தலைப்பு.

1. சந்தேகம்.
2. பயம்.

சந்தேகம். மூன்று நாள் முன்பு நடந்துகொண்டிருக்கும்போது அப்பாதுரை ஒருமுறை நின்றார். நின்றால் அவருக்கு ஏதோ சொல்ல இருக்கிறது என்று பொருள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளையார்பாளையத்துல உங்க வீட்டம்மாவ பாத்தேன்."

"அவ தாமல்ல இருக்கா."

"அதான் சார் நானும் நெனச்சேன். உச்சி வெயிலு. தலைய விரிச்சுப் போட்டுக்கினு வராங்க. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. கூட ஒரு வாலிபன், குடை புடிச்சுக்கினு. நான் கூப்ட்டேன், காதுல வாங்கல."

"வேற யாரையாவது பார்த்திருப்பீங்க."

"என்னா சார், ஊரு பூரா தபால் பிரிச்சுப் போட்ட கண்ணு சார் இது. ஒரு அட்ரஸு மாறினது இல்ல."

பாலாற்றுப் பாலம் வரை போகிறவர்கள் பாதியிலேயே திரும்பிவிட்டோம்.

சத்யராஜைக் கேட்டேன். "ஆட்டோ ஓட்டறவன் மாமா நானு. ஏறினவங்க எங்க எறங்கினாங்கன்னு வெளிய சொன்னா தொழிலு ஆவாது" என்றான். சொந்த அத்தையைப் பற்றிக் கேட்டால் தொழில் பேசுகிறான். அடுத்த தெருவில் உன் சிநேகிதி கலாவதி வீட்டுக்கும் போனேன். அவள் வீட்டுப் பின்பக்கக் கொடியில் உன் கடுகு நிறப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அந்த நிறத்தில் வேறு யாரும் கட்டி நான் பார்த்ததில்லை. "உங்க வூட்டுக்காரம்மாவையே கேளுங்க சார். என்னாண்ட கேட்டா நான் பொய் சொல்லணும். எனக்கு அது சரியா வராது" என்றாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். ஆனால் சாத்திவிட்டாள்.

ஆக, நீ இந்த ஊருக்கு வருகிறாய். எங்கெங்கோ போகிறாய். நம் தெருவுக்கு அடுத்த தெருவில் குளிக்கிறாய். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. சத்யராஜ், கலாவதி, முனிசாமி எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை. நீ நிரந்தரமாகப் போய்விட்டாயா என்பதுதான் என் கேள்வி. அதை மூன்று நாளாக எழுதி எழுதி அடித்தேன். இந்த முறை அடிக்கவில்லை.

பயம். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. தொண்டை கட்டியிருக்கிறது என்கிறாய். கண் சிவந்திருக்கிறது. பழைய புடவை கேட்கிறாய். உடம்பில் ஏதாவது இருந்து, எனக்குத் தெரியாமல் வைத்தியம் பார்த்துக்கொள்கிறாயா? அப்படியானால் சொல்லிவிடு. மற்ற எல்லாச் சந்தேகத்தையும் விட்டுவிடுகிறேன். நேரில் வந்து கேட்கத் தைரியம் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

நீ சொன்னபடி கடைசி வரியைச் சத்தமாகப் படித்தேன். தவறாக எதுவும் படவில்லை. நான்தான் சரியாகப் படிக்கவில்லையோ என்னவோ.

வீரபத்திரன்

*

தாமல்
18-7-24

சாருக்கு,

ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. முதல்ல அத படிச்சுட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. அப்புறம் மீதிய படிங்க.

நான் சாவு வூட்டுல போய் ஒப்பாரி வைக்கறேன்.

குடை புடிச்ச வாலிபன் நம்ம சத்யராஜ்தான். தபால் பிரிச்ச கண்ணு அவன தெரிஞ்சுக்கல பாருங்க.

மாசியில ஆரம்பிச்சுது. கலாவதி வூட்டுக்குப் பின்னால லைன் வூட்டுல ஆந்திரால இருந்து தறி வேலைக்கு வந்த புருசன் பொண்டாட்டி இருந்தாங்க. அந்தப் பொண்ணு காய்ச்சல்ல போயிட்டா. கலாவதி கூப்ட்டா, போய்ப் பாத்தேன். அவ புருசன் செவுத்துல சாஞ்சு குந்திக்கினு இருக்கான். அக்கம்பக்கத்துல நாலு பேரு வந்தாங்க, நின்னாங்க, போனாங்க. யாரும் அழல. யாரு அழுவாங்க, அவ பேரே யாருக்கும் தெரியாது. ஐஸ் பெட்டி மோட்டாரு சத்தம் மட்டும் கேக்குது. குந்தினேன். வாய் தானா தொறந்துக்கிச்சு. அவனுக்குத் தமிழு பாதிதான் தெரியும். ஆனா நான் பாடப் பாட அவன் வாய்விட்டு அழுதான். அதுவரைக்கும் அவன் அழவே இல்லன்னு அப்புறம் சொன்னாங்க.

அதுக்கப்புறம் ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கூப்பிடறாங்க. யார் கையிலயும் ஒரு பைசா வாங்கறது இல்ல. ஒரே நாள்ல ரெண்டு போனு, மூணு போனு வரும். எதுக்கு முதல்ல போவறதுன்னு நானும் பாக்கணும் இல்ல? அதான் கேப்பேன், அழ யாராச்சும் இருக்காங்களான்னு. "யாரும் இல்ல"ன்னா அங்கதான் முதல்ல. பேரன் பேத்தி, பேண்டு, பூப்பல்லக்குன்னு இருக்கற வூட்டுக்கு நான் போறதே இல்ல. எனக்கு அங்க இன்னா வேலை? எனக்கும் டைம் டேபிள் இருக்குது சாரே. ஒரே ஒரு வரி.

காலு வலிக்குது. தொண்டை எரியுது. பாதி நாள் சோறு ஆறிப் போவுது. ஆனா படுத்தா மனசு நெறஞ்சு கெடக்குது. இப்பிடி ஒரு தூக்கம் எனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் வந்ததில்ல.

உங்களாண்ட ஏன் சொல்லல? உங்க அப்பாவ நெனச்சுதான். சொன்னா நீங்க திட்ட மாட்டீங்க. சோறு சாப்பிடாம குந்துவீங்க. அத பாக்க எனக்கு முடியாது. அதான் கலாவதி வூட்டுக் குழாய்ல முழுவிட்டு வந்தேன்.

அப்புறம் ஒரு நாளு கெழவன் ஒருத்தருக்குப் பாடிட்டு வந்தேன். நாலு புள்ளைங்க. நாலு பேரும் போன காதுல வச்சுக்கினு வெளிய நிக்கறாங்க. அழுது, முழுவி, வூட்டுக்கு வந்தா பிரிட்ஜ் மேல புதுசா ஒரு தாளு. நடைக்கு நேரம் இருக்குது, சங்கத்துக்கு நேரம் இருக்குது, கண்ணு டாக்டருக்கு நேரம் இருக்குது. கடைசியில "அன்னம்மாள் - மீதி நேரம்".

நான் போனா எனக்கு யாரு அழுவாங்கன்னு அப்ப தோணுச்சு. மீதி நேரம் இருந்தா சார் அழுவாரு.

நிரந்தரமா போயிட்டனான்னு கேக்கறீங்க. எனக்கே தெரியல. இங்க யாரும் தல ஈரத்த தொட்டுப் பாக்கறது இல்ல. அது நல்லா இருக்குது.

அன்னம்மா

*

செவிலிமேடு,
21 ஜூலை 2024

அன்புள்ள அன்னம்மாளுக்கு,

1. நிம்மதி.
2. தீராத சந்தேகம்.
3. என் மூன்றாவது கருத்தைப் பற்றி மீண்டும்.

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பதைப் படித்துத் தண்ணீர் குடித்தேன். மீதியைப் படித்த பிறகு சாப்பிடவில்லை. நீ சொன்னது சரியாக நடந்தது.

எங்கள் ஊரில் எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் என் அப்பாவுக்கு ஆள் வரும். பறையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். காய்ச்சலாக இருந்தாலும் போக வேண்டும். வரமுடியுமா என்று யாரும் கேட்டதில்லை, வா என்பார்கள். எனக்கு வேலை கிடைத்த அன்று அவர் பறையை ஆணியிலிருந்து இறக்கினார். மறுபடி மாட்டவில்லை. "இனிமே நாம எழவு வீட்டுக்குக் கூப்ட்டா போறவங்க இல்ல, வர முடியுமான்னு கேட்டா போறவங்க" என்றார். அதற்காகத்தான் படித்தேன். அதற்காகத்தான் இத்தனை அட்டவணையும்.

ஆகவே கேட்கிறேன். அவர்கள் உன்னை எந்த வாசல் வழியாக உள்ளே விடுகிறார்கள்? எங்கே உட்காரச் சொல்கிறார்கள்? தொண்டை வறண்டால் தண்ணீர் எதில் தருகிறார்கள்? பெயர் சொல்லி அழைக்கிறார்களா, "ஏம்மா" என்கிறார்களா? அழ ஆள் இல்லை என்பதற்காகக் கூப்பிடுகிறார்களா, அழுவது தங்களுக்குக் கௌரவக் குறைவு என்று கூப்பிடுகிறார்களா? நாலு பிள்ளைகள் போனோடு வெளியே நின்றார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

இதையெல்லாம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்பதும் சந்தேகமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

மூன்றாவது கருத்து. அதில் பிழை இருப்பதாக எனக்கு இன்னும் தெரியவில்லை. எப்போதும் இருப்பவரைக் கடைசியில் வைப்பது அவமதிப்பு அல்ல. நம்பிக்கை. நம்பாதவர்களைத்தான் முதலில் வைக்கிறோம். இதை நீ பொறுமையாக யோசிக்க வேண்டும்.

அப்பாதுரையிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்கிறார். உனக்குத் தொண்டை வலி என்று மட்டும் சொன்னேன். நம்பாமல் பார்த்தார். அவருக்கும் நாலு நாளாக இருமல்.

வீரபத்திரன்

*

தாமல்
24-7-24

சாருக்கு,

நீங்க கேட்டது நல்ல கேள்விதான். நானும் கேட்டுக்கினுதான் போறேன். பட்டு யாவாரம் பண்ற வூடு ஒண்ணுல "பின்பக்கமா வாம்மா"ன்னான் ஒருத்தன். "முன்பக்கமா வந்தாதான்பா எனக்கு அழுகை வரும்"னேன். அவன் உள்ள போய் கேட்டுக்கினு வரேன்னான். நான் நிக்கல. சத்யராஜ் ஆட்டோவ திருப்பிட்டான். அன்னிக்கு ஓரிக்கைல ஒரு கெழவி, அங்கன்வாடில ஆயா வேலை பாத்தது, சொந்தம்னு யாரும் இல்ல. அங்க போய் குந்தினேன். சொம்புல தண்ணி குடுத்தாங்க, அதே சொம்புல அவங்களும் குடிச்சாங்க. பாத்துக்கினுதான் இருந்தேன்.

உங்க அப்பா சொன்னத நானும் மறக்கல, மாமனாராச்சே. கூப்ட்டா போறது வேற. நானா போறது வேற. அவரு கேட்டிருந்தா இது ரெண்டும் வேறன்னு சொல்லியிருப்பாரு. அவரு உங்களவிட சீக்கிரம் புரிஞ்சுக்குவாரு.

நம்பிக்கைன்றீங்க. நம்பிக்கை வச்சவளுக்கு ஒரு கட்டம் குடுத்தா அது கொறஞ்சா போயிடும்? மாடித் தொட்டி மாதிரி ஆயிட்டேன் நானு. வழிஞ்சாதான் இருக்கறதே தெரியுது.

அப்பாதுரை சாருக்கு அதிமதுரம் வாங்கிக் குடுங்க. என் பேர சொல்லாதீங்க.

அன்னம்மா

*

செவிலிமேடு,
6 ஆகஸ்ட் 2024

அன்னம்,

அப்பாதுரை போய்விட்டார். காலையில் தெருமுனையில் நிற்கவில்லை. போய்ப் பார்த்தேன். கட்டிலிலேயே.

கனடாவில் இருக்கும் மகனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. வீடியோவில் பார்க்கிறேன் அங்கிள் என்கிறான். தாயாதிகள் இரண்டு மூன்று பேர் வந்து மணி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். மாடியில் குடியிருக்கும் கம்பெனிப் பையன்கள் ஷிப்டுக்குப் போக வேண்டுமாம்.

இதில் தலைப்பு எதுவும் இல்லை. சத்யராஜ் வண்டியை அணைக்காமல் நிற்கிறான்.

இங்கே அழ யாரும் இல்லை. எனக்கும் வரவில்லை.

வீரபத்திரன்

*

தாமல்
9-8-24

மாமாவுக்கு,

அன்னிக்கு அப்பாதுரை சார் வூட்டுல நின்னு பேச முடியல. திருப்புட்குழியில இன்னொரு வூட்டுல எனக்காக காத்துக்கினு இருந்தாங்க.

பாத்ததெல்லாம் எழுதிடறேன். இல்லன்னா நான் பாக்கலன்னு நீங்க சந்தேகப்படுவீங்க.

நான் உள்ள வந்து குந்தினதும் அந்த வழுக்கைத்தலைக்காரன், அப்பாதுரை சாருக்கு இன்னா மொறையோ, "ஏம்மா, நீ அந்தாண்ட வாசலோரமா குந்தி பாடு"ன்னான். நான் எழுந்துக்கலாமா, திரும்பிப் போயிடலாமான்னு யோசிக்கறேன். நீங்க தலமாட்டுல நின்னுக்கினு இருந்தீங்க. "அவங்க என் மனைவி. இங்கதான் உட்காருவாங்க"ன்னீங்க. பாதியில நாக்கு ஒட்டிக்கும்னு நெனச்சேன். முழுசா சொன்னீங்க. அவன் நகந்து எடம் விட்டான்.

பள்ளிக்கூடத்துல ஹெச்செம் எதிர்க்கக்கூட நீங்க இப்பிடிப் பேசி நான் கேள்விப்பட்டதில்ல.

அப்புறம் பழக்கத்துல கலாவதி வூட்டுப் பக்கம் காலு போச்சு. நம்ம வூட்டுக் கேட்டு தொறந்து இருந்துச்சு. தொவைக்கற கல்லாண்ட வென்னீரு பக்கெட்டு, மேல துண்டு. துண்டு மேல என் பச்சைப் புடவை, மடிச்சு. ஜாக்கெட்டுதான் வேற நெறத்துல இருந்துச்சு, பரவால்ல.

சமையல்கட்டுக்கு தண்ணி குடிக்கப் போனேன். அந்தத் தாளு இன்னும் திரும்பினாப்பலதான் இருக்குது. நேரா திருப்பிப் படிச்சேன்னு எழுதினீங்க. பொய்யா?

சத்யராஜ் கேக்கறான், "அத்தே, மாமா வண்டில முன் சீட்டுல வந்தா சவாரிக்கு எடம் பத்தாதே, இன்னா பண்றது"ன்னு. யாரு வரேன்னு சொன்னாங்க, அவனா கேக்கறான்.

அன்னம்மா

*

செவிலிமேடு,
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அன்னத்துக்கு,

1. தாள் பற்றிய விளக்கம்.
2. ஒரு சந்தேகம்.
3. நாளை அடுக்குவது.

தாளை நேராகத் திருப்பிப் படித்தது உண்மை. படித்த பிறகு மறுபடி நீ வைத்த மாதிரியே திருப்பி ஒட்டிவிட்டேன். நீ வந்து பார்த்தால் நான் தொட்டேன் என்று தெரியக் கூடாது என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை.

சந்தேகம் இதுதான். அன்று நீ பாடியதில் ஒரு இடம்:

கூட நடந்த காலு ஒண்ணு
கூடத்துல நிக்குதய்யா
நாளை விடிஞ்சா தெருமுனையில
யார தேடி நிக்குமய்யா

அது அப்பாதுரைக்குப் பாடியதா, எனக்கா? அவருக்கு என்றால் அவர் காலைத்தான் பாடியிருக்க வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. கைக்குட்டையைத் தேடினேன். மாடிப் பையன்களில் ஒருவன் தன்னுடையதைக் கொடுத்தான். அவனும் அழுதுகொண்டிருந்தான். வாடகை கேட்க வரும்போதெல்லாம் அவர் தன்னைத் திட்டுவார் என்றான். மகன் போனில் பார்த்துக்கொண்டிருந்தானே, பாட்டு முடிந்ததும் "அங்கிள், அந்த அம்மா யாரு?" என்று கேட்டான். உன் பெயரைச் சொன்னேன். இனி அப்பாதுரை என்னிடம் வந்து, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எதையும் சொல்ல மாட்டார். அவர் சொன்னவற்றில் பாதி என்னை வதைத்தது. இருந்தும் தினமும் முனையில் நின்றவர் அவர்தான். இன்று அந்த முனை வரை போனேன். அதற்கு மேல் நடக்கவில்லை.

நாளை அடுக்குவது. புதிய அட்டவணை போட உட்கார்ந்தேன். உன் போன் எப்போது அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே உனக்குக் கட்டம் போட முடியாது. எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் மோதல் வந்தது. கடைசியில், எதை வைப்பது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எதை எடுக்கலாம் என்று பார்த்தேன். சங்கச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். வீட்டில் வேலை என்றேன். அவர்கள் நம்பவில்லை என்று நினைக்கிறேன். நூலகம் எங்கேயும் போய்விடாது. பிள்ளைகள் வகுப்பை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. அது இருக்கட்டும் என்று நீயும் சொல்வாய் என்று ஊகம். ஊகம்தான்.

மற்ற கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறேன். காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குப் படபடப்பாகத்தான் இருக்கிறது. பழகிக்கொள்ள வேண்டும். போன் வந்தால் நீ போகலாம்; எப்போது வந்தாலும் கல்லின் மேல் வெந்நீர் இருக்கும். குடை பிடிக்க ஆள் வேண்டுமென்றால் நான் பிடிப்பேன். வெயிலில் எனக்குத் தலை சுற்றும் என்பதால் குடை இருவருக்கும் போதுமான அளவில் இருக்க வேண்டும். முன் சீட்டு வேண்டாம் என்று சத்யராஜிடம் சொல், பின்னால் நெருக்கிக்கொள்கிறேன். நான் கூட வருவது உனக்கு இடைஞ்சலாக இருக்குமோ என்ற சந்தேகமும் இருக்கிறது. இருந்தால் சொல்லிவிடு. வீட்டில் இருக்கிறேன்.

நேற்று மோட்டார் போட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காது கொடுத்தேன். நீ சொன்னது சரி. நிரம்பும்போது சத்தம் மாறுகிறது. அணைத்துவிட்டேன். வழியவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

எப்போது வருகிறாய் என்று கேட்க மாட்டேன். முதல் கடிதத்தில் நான்கு கருத்துகள் எழுதியிருந்தேன். வீட்டைப் பற்றி எழுதியது, சந்தேகம், நீ திரும்பி வருவது, இவை மூன்றையும் இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. எப்போதும் இருப்பவரைக் கடைசியில் வைக்கலாம் என்ற விதி பள்ளிக்கூடத்துக்குப் பொருந்தும். அங்கே ஒருவர் வராவிட்டால் இன்னொருவரை அனுப்பிவிடலாம்.

மூன்றாவது கருத்து தவறு.

வீரபத்திரன்